சிவப்புக் கோடு வரைக்கும்

அத்தியாயம் 14

மூன்று நாளாக எங்கள் வீட்டில் பாட்டு இல்லை, டீவி இல்லை. கதவைக்கூட யாரும் அடித்துச் சாத்துவதில்லை, மெதுவாகத் தள்ளி வைக்கிறோம். எங்களைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அதிசயம் என்று புரியும். என் வீட்டுக்காரர் ஸ்டீரியோ கடை வைத்திருப்பவர். தெருவில் அவருக்குப் பேரே 'சவுண்டு'தான்.

போன வாரம் சொன்னேனே, மகளுடைய மருத்துவப் பரிசோதனை? ரயில் உதவி ஓட்டுநர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் பாஸ், கண்ணில் பாஸ், இதயத்தில் பாஸ். காது என்ற இடத்தில் மட்டும் டாக்டர் பேனாவைக் கொஞ்ச நேரம் கையில் உருட்டிவிட்டு, 'மறுபரிசோதனை' என்று எழுதிவிட்டார். "மூணு நாள் காதுக்கு ஓய்வு குடுத்துட்டு வாம்மா. அதுலயும் சரியா வரலைன்னா அவ்வளவுதான், அப்புறம் கூப்பிட மாட்டாங்க" என்றாராம்.

அந்த மூன்று நாள் இன்றோடு முடிந்தது.

மகளுக்கு வீட்டில் பேர் வாலு. சின்ன வயசில் ஒரு இடத்தில் உட்காராததால் வந்த பேர். இருபத்து மூன்று வயசில் பதினாலு மாசம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து படித்தாளே, அப்போதாவது பேரை மாற்றியிருக்க வேண்டும். நாங்கள் மாற்றவில்லை.

காலையில் ஏழரைக்கெல்லாம் என் தம்பி வந்துவிட்டான். ரயில் யார்டில் சரக்குப் பெட்டிகளைச் சேர்த்துக் கொக்கி மாட்டுகிற வேலை அவனுக்கு. பதினெட்டு வருஷமாக இரண்டு பெட்டிக்கு நடுவில் நின்று பிழைக்கிறவன். வாலுவை இந்தத் தேர்வு எழுத வைத்ததே அவன்தான்.

"என்னக்கா, வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு?"

"மெதுவாப் பேசுடா."

"ஓய்வு அவ காதுக்குத்தானே? என் வாய்க்கு எதுக்கு?"

வேறொரு நாளாக இருந்தால் வாலு அதற்கு நாலு சொல்லியிருப்பாள். இன்றைக்கு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை.

என் வீட்டுக்காரர் அவள் தோளைத் தட்டினார். "பயப்படாமப் போ. இந்த ஊர்ல ஹெட்போன் மாட்டாத காது உன்னோடது ஒண்ணுதான். நான் விட்டதே இல்லையே! ஸ்பீக்கர்ல, அதுவும் சிவப்புக் கோட்டுக்குள்ளதான் கேட்டிருக்க. அன்னிக்கு ஜலதோஷமா இருந்திருக்கும்."

"ம்" என்றாள். மாமனும் மருமகளும் பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

வாசல் வரை போய் வந்தேன். வந்ததும் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"ஜலதோஷம்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"பின்ன என்ன?"

"எதிர் வீட்டம்மா பேசினா, 'ஏன் முணுமுணுக்கிறீங்க'ன்னு கேக்குறா. போன வாரம் கெட்டில் கூவிக் கூவித் தண்ணியே வத்திப்போச்சு. இவ பக்கத்துலதான் உட்கார்ந்திருந்தா. நான் லாண்டரியில இஸ்திரி போட்டுட்டு வந்து அடுப்பை அணைச்சேன்."

"படிப்புல கவனமா இருந்திருப்பா."

"எனக்கென்னவோ உங்க ஸ்பீக்கர் மேலதான் சந்தேகம்."

அவ்வளவுதான், மனுஷனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டார்.

"யார்கிட்ட என்ன பேசுற? இந்த வீட்ல கோடு எதுக்குப் போட்டிருக்கேன்?"

அந்தக் கோடு என் நகப்பூச்சால் போட்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் சத்தம் அளக்கும் மீட்டரைக் கடையிலிருந்து கொண்டுவந்து, சோபாவில் உட்கார்ந்தால் காது வருகிற உயரத்தில் பிடித்துக்கொண்டு, வால்யூம் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். மீட்டரில் எழுபத்தைந்து வந்த இடத்தில் சிவப்பாக ஒரு கோடு. "இதைத் தாண்டினா கையை ஒடிச்சிடுவேன்" என்றார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். அவர் வீட்டுக்குக் கோடு போட்டதைப் பார்த்து நாலைந்து பேர் தங்கள் வீட்டிலும் போட்டுக்கொண்டார்கள்.

நாங்களும் தாண்டவில்லை, சத்தியமாகத் தாண்டவில்லை. ஆனால் அதற்குக் கீழேயும் வைக்கவில்லை. பக்கத்தில் இரும்பு ஜன்னல் செய்கிற பட்டறை. நாள் முழுக்க க்ரைண்டர் கத்தும். அதை அமுக்க வேண்டுமே என்று காலையில் திருகைப் பிடித்தால் நேராகக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்துவோம். அதுதான் அனுமதித்த அளவாயிற்றே, அப்புறம் என்ன பயம்?

"இரு, நிரூபிச்சுக் காட்டுறேன். அப்புறம் நீ வாயைத் திறக்கக் கூடாது" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். கால் மணி நேரத்தில் மீட்டரோடு வந்தார். பத்தரைக்குப் பட்டறையில் டீ குடிக்க நிறுத்துவார்கள். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார், என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பட்டறை நின்றது. வாலு வழக்கமாகப் போடுகிற பாட்டைப் போட்டார். திருகைக் கோட்டில் வைத்தார். மீட்டரைக் காது உயரத்தில் பிடித்தார்.

எண்பத்தேழு.

"பேட்டரி வீக்" என்றார்.

சுவர்க் கடிகாரத்திலிருந்து பேட்டரியைக் கழற்றிப் போட்டார். மறுபடியும் எண்பத்தேழு. மீட்டரைத் தட்டினார், திருப்பினார், ஊதினார். எண் அசையவில்லை.

"அவ உட்கார்ற இடத்துல பாருங்க" என்றேன்.

வாலுவின் மேஜை ஹாலில் வலது பக்க ஸ்பீக்கரை ஒட்டி இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் விழும் என்று நான்தான் போட்டுக் கொடுத்தேன். அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்து, மீட்டரைத் தன் வலது காதருகே வைத்துக்கொண்டார்.

தொண்ணூற்று நாலு.

பாட்டை நிறுத்தினார். இரண்டு ஸ்பீக்கரையும் யாரோ புதுசாகக் கொண்டுவந்து வைத்த மாதிரி பார்த்தார்.

"ஸ்பீக்கரை மாத்தினேன். கோட்டை மாத்தல."

எனக்கு முதலில் புரியவில்லை. பதினாறு மாசத்துக்கு முன்னால் பழைய ஜோடியைத் தூக்கிவிட்டு, ஆசை ஆசையாக இந்தப் பெரிய ஜோடியைக் கொண்டுவந்து வைத்தார். ஆம்ப்ளிஃபயர் அதேதான், திருகும் அதேதான். அதனால் கோடும் அதேதான் என்று விட்டுவிட்டார். வாடிக்கையாளர் யாராவது இப்படிச் செய்திருந்தால் கடையில் நிற்க வைத்துக் காய்ச்சி எடுத்திருப்பார்.

"இந்த ஸ்பீக்கர் கொஞ்சம் கரண்ட் குடுத்தாலே நிறையச் சத்தம் போடும். அதே கோட்டுல வச்சா பழசைவிட பன்னெண்டு டெசிபல் ஜாஸ்தி" என்றார். குரல் இறங்கிவிட்டது.

"அவ்வளவு ஏறியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா? எனக்கென்ன காது இல்லையா?"

"தெரியாதுடி. பழசு சத்தம் ஏறினா கரகரக்கும். அந்தக் கரகரப்பைத்தான் காது சத்தம்னு எடுத்துக்கும். இது கரகரக்காது. எவ்வளவு ஏத்தினாலும் சுத்தமா வரும். சுத்தமா வந்தா பெருசாவே தோணாது."

"பன்னெண்டுன்னா எவ்வளவு?"

"பத்து ஏறினாத்தான் காதுக்கு ரெண்டு மடங்குன்னு தோணும். ஆனா உள்ள போற சக்தி பத்து மடங்கு."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. எவ்வளவு நேரம் கேக்கலாம்?"

விரலை மடக்கினார். "சத்தத்துல வேலை செய்றவங்களுக்குச் சொல்ற கணக்கு ஒண்ணு இருக்கு. எண்பத்தஞ்சுன்னா எட்டு மணி நேரம். மூணு ஏறினா நேரம் பாதியாயிடும். எண்பத்தெட்டுக்கு நாலு. தொண்ணூத்தொண்ணுக்கு ரெண்டு. தொண்ணூத்து நாலுக்கு..."

முடிக்கவில்லை. நான் முடித்தேன்.

"ஒரு மணி நேரம். நம்ம பொண்ணு?"

"அஞ்சு."

"எத்தனை மாசம்?"

அவர் வால்யூம் திருகைக் கீழே வரை இறக்கினார்.

எனக்கு அப்போதுதான் அந்த இன்னொரு திருகு கண்ணில் பட்டது. ட்ரெபிள் திருகு. பாட்டில் கூர்மையான சத்தத்தையெல்லாம் ஏற்றி இறக்குவது. அது பாதிக்கு மேல் ஏறியிருந்தது.

"இதை யார் ஏத்தி வச்சது?"

"நான்தான். புது ஸ்பீக்கர் கொஞ்சம் மந்தமா இருந்த மாதிரி தோணிச்சு."

"ஸ்பீக்கர் மந்தமா, உங்க காது மந்தமா?"

கேட்டிருக்கக் கூடாதுதான். முப்பது வருஷமாக ஸ்பீக்கருக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிற மனுஷன். கொசு பக்கத்தில் பறந்தால் எனக்குக் கேட்கும், அவருக்குக் கேட்காது. அதை வைத்து எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறோம். அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் என் மகளுக்கு அளவு பார்த்திருக்கிறார்!

ஆனால் நான் நிறுத்தவில்லை. "முதல் வாரம் அவ வந்து உங்ககிட்ட என்ன சொன்னா, ஞாபகம் இருக்கா? 'அப்பா, காது கூசுது'ன்னா. நீங்க என்ன சொன்னீங்க?"

"பழகிடும்னேன்."

"ரெண்டு மாசம் கழிச்சு வந்து, 'இப்ப கூசலப்பா, நீங்க சொன்னது சரி'ன்னு சொன்னா. நீங்க அதைக் கடையில போறவன் வர்றவன்கிட்டல்லாம் சொல்லிச் சிரிச்சீங்க. பழகலைங்க. செத்துப்போச்சு."

அவர் அழுது நான் பார்த்ததில்லை. இன்றைக்கும் அழவில்லை. மீட்டரை அணைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மூக்கைச் சிந்தினால்கூட அதில் எண் ஏறி இறங்கியது. அழுதது நான்தான். 'நல்லா ஏத்தி வைடி, அந்தப் பட்டறை எழவைக் காதுல வாங்க முடியல' என்று எத்தனை நாள் இந்த வாயால் சொல்லியிருக்கிறேன்!

"திரும்ப வருமா?" என்று கேட்டேன்.

"கூர்மையான சத்தம்தான் முதல்ல போகும். போனது வராது" என்றார்.

ஒன்றேகாலுக்கு வாசலில் தம்பியின் குரல். கையில் கேக் பெட்டி.

"அக்கா! பாஸ்! உன் பொண்ணு பாஸ்!"

வாலு பின்னாலேயே ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். கையில் காகிதம். 'தகுதி' என்று முத்திரை குத்தியிருந்தது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். ஒரு நிமிஷம், அந்த ஒரே ஒரு நிமிஷம், மீட்டர் பொய் சொல்கிறது என்று நான் நம்பிவிட்டேன். அவள் கன்னத்தைப் பிடித்து முத்தம்கூடக் கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் எழுந்திருக்கவில்லை. "எப்படிப் பாஸானே?" என்றார்.

"என்னப்பா, இப்படிக் கேக்குறீங்க?"

"சத்தம் கேட்டுச்சா?"

அவள் மாமனைப் பார்த்தாள். மாமன் சிரித்தான். "அத்தான்கிட்ட சொன்னா என்ன? அந்தக் கண்ணாடி அறைக்குள்ள உட்கார வச்சு, பீப் பீப்னு சின்னச் சின்னச் சத்தமா அனுப்புவாங்க, கேட்டா நாம கை தூக்கணும். அனுப்புறவரு முதுகைத் திருப்பிக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பாரு. ஆனா அவருக்கு எதிர்ல ஒரு கண்ணாடி அலமாரி. அவர் பட்டனை அமுக்குறது அதுல பளிச்சுனு தெரியும். காது கேக்குதோ இல்லையோ, விரல் அசைஞ்சாக் கையைத் தூக்கு, முடிஞ்சுது. யார்டுல பாதிப் பேர் அப்படித்தான் வருஷா வருஷம் பாஸாகுறோம்."

"அடப்பாவி" என்றேன்.

"என்னக்கா? பதினாலு மாசம் படிச்சிருக்கா. ஒரு பீப்புக்காக விட்டுடச் சொல்றியா?"

அப்போதுதான் அவர் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. ஸ்பீக்கர், கோடு, தொண்ணூற்று நாலு, ட்ரெபிள் எல்லாம். "உன் காதைக் கெடுத்தது நான்தான்மா" என்று முடித்தார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கணக்கு வாத்தியாரிடம் நிற்கிற பையன் மாதிரி சொன்னார்.

வாலு கத்தினாள்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல, கூசுதுன்னு! நீங்கதானே எல்லாம் தெரிஞ்சவரு! ஃபிரெண்ட்ஸெல்லாம் ஹெட்போன் போட்டப்ப என்னைத் திட்டினீங்களே, அவங்க எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க!"

"திட்டு. நல்லாத் திட்டு" என்றார் அவர்.

அந்த வார்த்தைதான் அவளை என்னவோ செய்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் ஆகல. நீங்க பேசுறது கேக்குது, மாமா பேசுறது கேக்குது, பஸ் ஹாரன் கேக்குது. சும்மா ஒரு மிஷினை வச்சுக்கிட்டுப் பயமுறுத்தாதீங்க."

"எங்கேம்மா போட்டிருக்காங்க உன்னை?" என்று கேட்டேன்.

தம்பி முந்திக்கொண்டான். "எங்க யார்டுலதான்! முதல் ஆறு மாசம் பெட்டி தள்ளுற எஞ்சின். நான் நடுவுல நின்னு கொக்கி மாட்டணும், இவ எஞ்சின்ல இருந்து பார்த்துக்கணும். நான் விசில் ஊதினா உடனே ஓட்டுநர்கிட்ட நிறுத்தச் சொல்லணும். வளைவுல என்னைக் கண்ணுக்குத் தெரியாதுல்ல, விசில்தான் எல்லாம்."

சொல்லிக்கொண்டே வந்தவன் கடைசி வார்த்தையில் கொஞ்சம் தடுமாறினான். பிறகு சமாளித்துக்கொண்டு சிரித்தான்.

"விசில்தானே? ஊதுங்க மாமா. இப்பவே ஊதுங்க! கேக்குதா இல்லையான்னு இவங்களே பார்க்கட்டும்" என்றாள் வாலு.

"பட்டறை ஓடுதே" என்றேன்.

"எஞ்சின் மட்டும் ஓடாதா?" என்றார் என் வீட்டுக்காரர் மெதுவாக. "அது ஓடட்டும்."

தம்பி சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தான். "ஆறு பெட்டி தூரம் போறேன். கேட்டதும் கையைத் தூக்குடி. இன்னிக்கு அலமாரி கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனான். வாலு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சின்னப் பிள்ளையில் ஒளிந்து விளையாடும்போது அப்படித்தான் மூடுவாள், புருவம் சுருங்கும்.

நான் ஜன்னலில் நின்றேன். தம்பி தெருமுனை விளக்குக் கம்பம் வரை போனான். திரும்பினான். விசிலை வாயில் வைத்தான்.

ஊதினான்.

பட்டறை வாசலில் கம்பி எடுத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். எதிர் வீட்டம்மா மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எனக்கு நன்றாகக் கேட்டது.

வாலுவின் கை மடியிலேயே இருந்தது.

மறுபடியும் ஊதினான், நீளமாக. அப்புறம் விட்டு விட்டு மூன்று தடவை. நிறுத்துங்கள் என்பதற்கு அதுதான் குறி என்று அவன் எப்போதோ சொல்லியிருக்கிறான். பட்டறைக்காரர் கையை ஆட்டி என்னவென்று கேட்டார். தம்பி அவரைக் கவனிக்கவில்லை, எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், எப்போது ஊதுவான் என்று கேட்கிற மாதிரி. அவருக்கும் கேட்கவில்லை. அப்பனும் மகளும் ஒரே அறையில், ஊதி முடிந்த விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். ஐயோ, எனக்கு அந்த ஜன்னல் கம்பியில் தலையை முட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"எவ்வளவு நேரம்மா? சீக்கிரம் ஊதச் சொல்லுங்க" என்றாள் வாலு, கண்ணைத் திறக்காமல்.

"ஊதிட்டான்டி" என்றேன். "அஞ்சு தடவை."

கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தை மூடிக்கொண்டார். அழுவாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். என் கையைத் தள்ளிவிட்டாள். மேஜை மேல் இருந்த காகிதத்தை எடுத்து, முத்திரை மடியாமல் பார்த்து மடித்து, பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

தம்பி வந்து வாசலில் நின்றான். விசில் இன்னும் அவன் கையில் இருந்தது.

"மாமா, திங்கட்கிழமை எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று கேட்டாள்.

எதற்கும் வாய்க்கு வாய் பதில் வைத்திருக்கிற என் தம்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.